விசைக்கதவும் சுருள்வில்லும்

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் தனிவீடுகளை ஒட்டியமைந்த கார்க்கொட்டகைகளின் கதவு பெரும்பாலும் மேல்நோக்கி ஏறும் கதவாகும். கிடையாகப் பிரிந்த பல பலகைகள் கீல்களால் இணைக்கப்பட்டு, இருபுறத்துத் தண்டவாளங்களில் உருளைகளின் மீது ஊர்ந்து, கூரையடியில் சென்று படுக்கின்றன. இத்தகைய கதவை சி. ஜி. ஜான்சன் என்பார் 1921ஆம் ஆண்டில் அமைத்தார்; 1926இல் அதனை மின்விசையால் இயக்கும் பொறியையும் உருவாக்கினார். பழைய பொறியை அகற்றிப் புதியதைப் பொருத்துவதற்குத் தொழிலாளி ஒருவரை அழைப்பது இன்று அந்நாட்டு இல்லங்களில் சாதாரணமாக நிகழும் காரியம். எனினும், அத்தொழிலாளிக்குக் கூலி எதன்பொருட்டுக் கொடுக்கப்படுகிறது என்பதில் பலருக்குத் தெளிவில்லை. பொறியை மாற்றுவதற்கே கூலி என்று அவர்கள் எண்ணுகின்றனர். கூலிக்குரிய உண்மையான வேலை கதவின் சமநிலையைச் சரிபார்ப்பதாகும்.

இரண்டு கார்கள் நுழையும் கதவு சாதாரணமாக 16 அடி அகலமும் 7 அடி உயரமும் உடையது. எஃகுத் தகட்டால் ஆனதாயின் அதன் எடை பெரும்பாலும் 60 கிலோகிராமுக்கு மேற்படும். அரைக் குதிரைத்திறனுள்ள மோட்டாரே இவ்வெடை முழுவதையும் தூக்குகிறது என்று நம்புவது பிழை. தூக்குவது, கதவுக்கு மேலே அச்சுத்தண்டின்மீது முறுக்கி வைக்கப்பட்டுள்ள சுருள்வில்லாகும். துலாமரத்தின் பின்கோடியில் கட்டிய கல் கிணற்று நீரின் பாரத்தை எவ்வாறு குறைக்கிறதோ, அவ்வாறே இவ்வில்லும் கதவின் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. மோட்டாருக்கு எஞ்சியிருப்பது சிறிய வேலையே.

சாதாரணமான வில் ஏறக்குறைய 10,000 முறை கதவு ஏறி இறங்குவதற்கென்று செய்யப்படுகிறது. நாளொன்றுக்கு நான்கு முறை கதவு இயங்கினால் ஏழாண்டுகளுக்குள் அத்தொகை நிறைந்துவிடும். வில் தளரத் தளர மோட்டார் திணறுகிறது. அதன் பல்சக்கரங்கள் தேய்கின்றன. இல்லத்தாரோ பொறிதான் பழுதாயிற்று என்று கொண்டு, முன்னதினும் வலிய பொறியொன்றை வாங்க முற்படுகிறார். கைத்தொலைபேசியிலிருந்தே கதவை இயக்கலாம் என்ற விற்பனையாளரின் சொல்லும் அவருடைய ஆவலைப் பெருக்குகிறது. வில்லைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

புதிய மோட்டாரின் வலிமை பழைய குறையை நீக்குவதில்லை, மறைத்துவிடுகிறது. சமநிலை கெட்ட கதவை எப்படியேனும் ஓடச்செய்வதற்காக, பொறியின் விசை அளவைக் கூட்டிவைக்கும் தொழிலாளிகளும் உளர். அவ்வாறு கூட்டப்பட்ட கதவு, தன் கீழ் அகப்பட்டது மரக்கட்டையா குழந்தையா என்று உணர்ந்து திரும்புவதற்குள் பெருந்தீங்கு விளைந்துவிடலாம்.

இக்கதவுகளின் கீழ்ச் சிக்கிக் குழந்தைகள் இறந்த நிகழ்ச்சிகளே அந்நாட்டுப் பேரவை 1990ஆம் ஆண்டில் சட்டம் இயற்றக் காரணமாயின. 1993 ஜனவரி முதல் நாளும் அதன் பின்னரும் செய்யப்படும் வீட்டுப் பொறிகளெல்லாம், இறங்கும் கதவு தடையொன்றில் பட்டால் இரண்டு விநாடிக்குள் மேலே திரும்பவேண்டும். அன்றியும், தரையிலிருந்து ஆறு அங்குலத்திற்கு மேற்படாத உயரத்தில் ஒளிக்கண்களோ, கதவின் விளிம்பில் தொடுவுணர் கருவியோ இருத்தல் வேண்டும். சட்டம் தெளிவானதே. ஆயினும், ஒளிக்கண்களை நேராக நிறுத்தும் சிறு தொல்லைக்கு அஞ்சி, இரண்டையும் கூரையடியில் ஒன்றையொன்று நோக்கும்படி ஒட்டிவைத்துப் பொறியை ஏமாற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதைவிடப் பொறுப்பற்ற செயலைக் காண்பது அரிது.

எல்லாவற்றையும் தாமே செய்துகொள்வது அந்நாட்டாரில் பலருக்குப் பெருமை. பொறியை மாற்றும் அளவில் அதில் குற்றம் கூறுவதற்கில்லை. ஏணியும் திருப்புளியும் துணைக்கு ஒருவரும் இருந்தால் அது அரைநாள் வேலை. சுருள்வில்லின் நிலை வேறு. ஏழடிக் கதவுக்குரிய வில் ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்கப்பட்டிருக்கும். அதை முறுக்கவும் தளர்த்தவும் இரண்டு எஃகுக் கோல்களை மாற்றி மாற்றிச் செருகவேண்டும். கோல் ஒருமுறை கைநழுவினால் விரலையோ முகத்தையோ சிதைத்துவிடும். ஆகவே கூலி கொடுத்து ஆளை அழைப்பதானால் வில்லுக்காக அழைப்பதே முறை.

அழைத்த பின்னர் வேலை முழுவதையும் அவரிடம் ஒப்புவித்துவிட்டு உள்ளே சென்றுவிடுவதும் தகாது. சோதனைகள் இரண்டும் எளியவை. கதவு மூடியிருக்கும்போது பொறியிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை விடுவித்து, கையால் பாதி உயரத்திற்குத் தூக்கிப் பார்க்கவேண்டும். சமநிலை சரியாயிருந்தால் கதவு அங்கேயே நிற்கும். விழவும் செய்யாது, ஏறவும் செய்யாது. விழுமாயின் வில்லைச் சரிசெய்த பின்னரே பொறியைத் தொடவேண்டும். இரண்டாவது சோதனை, பொறி பூட்டப்பட்டபின் வாசலில் தட்டையான மரக்கட்டை ஒன்றை வைத்துக் கதவை இறக்குவது. கட்டையில் பட்டவுடன் கதவு திரும்பவேண்டும். கூலி கொடுப்பதற்கு முன்னரே இவற்றைச் செய்துகாட்டுமாறு கேட்பதில் தவறில்லை. தேர்ந்த தொழிலாளி இதற்கு முகஞ்சுளிப்பதில்லை.

மிகப் பழைய பொறியாயின் மாற்றுவதற்கு மற்றொரு நியாயமும் உண்டு. அவற்றின் கையடக்கக் கருவியில் மாறாத குறியீடு ஒன்றே அமைந்திருக்கும். பன்னிரண்டு சிறு சுவிட்சுகள் கொண்ட கருவியில் இயலக்கூடிய குறியீடுகள் 4,096 மட்டுமே. குழந்தைகளின் மின்னணு விளையாட்டுப் பொருளொன்றை மாற்றியமைத்து, இவ்வகைக் கதவைப் பத்து விநாடிக்குள் திறக்கலாம் என்று சாமி காம்கார் என்பார் 2015ஆம் ஆண்டில் காட்டினார். பின்னர் வந்த பொறிகளில் ஒவ்வொரு முறையும் குறியீடு மாறுகிறது. மின்தடையின்போது உதவும் மின்கலமும் பயனுள்ளதே. 2017ஆம் ஆண்டுக் காட்டுத்தீயின் பின்னர் கலிபோர்னியா மாநிலம், 2019 ஜூலை முதல் விற்கப்படும் வீட்டுப் பொறிகளுக்கு அதனைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் இத்தகைய கொட்டகைக் கதவுகள் குறைவு. எனினும் கடைத்தெருக்களில் கையால் தள்ளித் திறக்கும் ஷட்டர்கள் பலவற்றின் சுருட்டுத் தண்டிலும் சுருள்வில்லே மறைந்திருக்கிறது. அவற்றுள் சிலவற்றிற்கு மோட்டார் பொருத்தும் வழக்கமும் பரவி வருகிறது. நெம்புகோலையும் சமநிலையையும் கற்பிக்கும் ஆசிரியர், கடைக்காரரின் இசைவு பெற்று, அவர் ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்துவதை மாணவர் எட்டநின்று பார்க்கும்படி செய்யலாம்.