வெயில் நாட்டில் எதற்கு விளக்கு?

"வருடம் முழுக்க வெயில் கொளுத்தும் நாட்டில் நாற்றுக்கு விளக்குப் போடுகிறாயா?" நான் மரச்சட்டம் அறுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதைக் கேட்காதவர் இல்லை. நானா கேட்டார், மாடிப்படியில் கண்ட அயலவர் கேட்டார், வகுப்புத் தோழியரும் கேட்டார்கள். என் பதில் இதுதான்: நாட்டில் வெயில் இருக்கிறது, எங்கள் வீட்டுக்குள் இல்லை.

கொழும்பில் நாங்கள் இருப்பது தொடர்மாடியின் மூன்றாம் தளம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். முழங்கால் வலியோடு தனியே இருக்க முடியாமல் உம்மும்மா சென்ற வருடம் மாவனல்லையிலிருந்து எங்களிடம் வந்தார். கொச்சிக்காய், கத்தரி விதைகளையும் முடிந்து கொண்டு வந்திருந்தார். ஜன்னலோரம் தயிர்ச்சட்டியில் போட்டார். முளைத்தன, பிறகு நூல் போல நீண்டு, வெளிறி, சாய்ந்துவிட்டன. இரண்டாம் முறையும் அப்படியே. "வெயிலில்லாத ஊட்டுல வெதயும் நானும் ஒண்டுதான் மகள்" என்று சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

ஒளி போதாவிட்டால் தண்டு ஒளியைத் தேடி நீளும் என்று உயிரியலில் படித்து, அதை எழுதிப் புள்ளியும் வாங்கியவள் நான். வீட்டில் நடந்தபோது எனக்கு உறைக்கவில்லை. நம் கண்ணுக்கு அறை வெளிச்சமாகத்தான் தெரிகிறது. செடிக்கு அது இருட்டு.

ஓடாவி ஒருவரைப் பிடிப்போம் என்றார் வாப்பா. நான் அவருடைய பழைய கைவாளை எடுத்துக்கொண்டேன். குழல் விளக்கு நான்கடி என்பதால் தாங்கியும் நான்கடிக்குச் சற்றுக் கூட. மரக்காலையில் வாங்கிய சட்டங்களை ஸ்க்ரூ ஆணியால் முடுக்கி நிறுத்தினால், தொட்டவுடன் ஆடியது. செவ்வகம் சரியும், முக்கோணம் சரியாது. பின்புறம் மூலைக்கு மூலை ஒரு சட்டம் அடித்ததும் நின்றுவிட்டது. மின்னிணைப்பை மட்டும் வேலை தெரிந்தவரிடம் விட்டோம். தண்ணீர் ஊற்றும் இடமல்லவா!

விளக்கை முதலில் ஒன்றரை அடி உயரத்தில் கட்டியது என் பிழை. நாற்று மறுபடியும் நீண்டது. பிறகு சங்கிலியில் தொங்கவிட்டு, இலைக்கு மேல் பத்துச் சென்ரிமீற்றர் அளவில் வைத்து, செடி வளர வளர உயர்த்தினேன். ஊதா நிற விசேட விளக்கெல்லாம் வேண்டியதில்லை. சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. குழல் இரண்டு போதும்.

செலவை மறைக்க மாட்டேன். 18 வாற்றுக் குழல் இரண்டு, நாளுக்கு 14 மணித்தியாலம்: மாதம் சுமார் 15 அலகு. அந்தக் காசுக்குச் சந்தையில் கொச்சிக்காய் வாங்கலாமே என்கிறார் நானா. தாராளமாக வாங்கலாம். ஆனால் வயதானவர்களை நகரத்துக்குக் கூட்டி வரும்போது நாம் எதை எண்ணுகிறோம்? மின்தூக்கி இருக்கிறதா, ஆஸ்பத்திரி பக்கமா, குளியலறை வழுக்குமா என்று பார்க்கிறோம். காலையில் எழுந்து அவர்கள் கை எதைத் தொடும் என்று கேட்பதில்லை. தஸ்பீஹும் தொலைக்காட்சியும் போதும் என்று நாமே முடிவெடுத்து விடுகிறோம். நாற்பது வருடம் தோட்டம் செய்தவருக்கு அது போதாது என்பது என் கட்சி. அதற்கு 15 அலகு கூடுதல் விலையல்ல.

ஆறு வாரத்தில் நாற்றுகள் தடித்து நின்றன. மொட்டைமாடிக்கு அவற்றைச் சுமந்தவர், சிரித்த அதே நானாதான். ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கிய பிறகே வெயிலுக்கு விடச் சொன்னார் உம்மும்மா. மாடிப்படி அயலவரும் ஆறு கன்று கேட்டு வாங்கிப் போனார்.

இப்போது தாங்கியின் கீழ்த்தட்டு சும்மா கிடக்கிறதாம். அதற்கும் விளக்கு வேண்டுமாம். வாப்பாவிடம் யார் கேட்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.