படைவீரரா, பள்ளியாசிரியரா?

திருத்தணிக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, பங்குக் குடும்பத்தைச் சேர்ந்த தாய் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். பெயரையும் ஊரையும் குறிப்பிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டமையால், அவற்றை விடுத்து அவர்தம் மனக்கவலையை மட்டும் வாசகர் முன் வைக்கின்றோம்.

அவருடைய கணவர் 17 ஆண்டுகள் இராணுவத்தில் பணியாற்றி, அவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். வரவிருக்கும் ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்குப் போட்டியிட எண்ணியுள்ளார். அதே பதவிக்கு அத்தாயின் உடன்பிறந்த அண்ணனும் நிற்கப் போகிறார். அவர் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு அரிச்சுவடி சொல்லித் தந்தவர். இருவரும் நல்லவர்கள்; நேற்று வரை மச்சான் என்றும் மாப்பிள்ளை என்றும் உரிமையோடு பழகியவர்கள்.

இன்றோ நிலைமை வேறு. சீருடைப் படத்தோடு, “எல்லையில் நின்றவருக்கே நம் வாக்கு” என்று ஒரு சாரார் துண்டறிக்கை அச்சிட்டுள்ளனர். “துப்பாக்கி பிடித்த கைக்குப் பேனா பிடிக்கத் தெரியுமா?” என்று மறுசாரார் தேநீர்க் கடையில் ஏளனம் பேசுகின்றனர். ஞாயிறு திருப்பலியில் இரு குடும்பங்களும் வெவ்வேறு பக்கம் அமர்கின்றன. சமாதான வாழ்த்துச் சொல்லும் வேளையில் ஒருவர் பக்கம் மற்றவர் திரும்புவதில்லை. “நாட்டைக் காத்தவருக்கு வாக்களிக்காவிடில் நன்றி கெட்டவளாவேன். வாக்களித்தாலோ, என் அண்ணனின் முப்பதாண்டு உழைப்பு சிறிதென்று சொன்னவளாவேன். கையிலிருக்கும் ஒரே வாக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?” என்று அத்தாய் தம் மடலை முடித்துள்ளார்.

யாருக்கு வாக்களிப்பது என்று கூறுவது நம் வேலையன்று. ஆயினும், படைப்பணி அரசியல் பதவிக்கு ஒரு தகுதியாகுமா என்ற கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமன்று. நாடு முழுவதற்கும் உரியது. ஆதலின் அதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் சட்டம் கூறுவதென்ன? மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் போட்டியிட 25 வயதும், குடியரசுத் தலைவராக 35 வயதும் நிறைந்த இந்தியக் குடிமகனாயிருக்க வேண்டும். நம் மாநிலத்தில் ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும். படைப்பணி வேண்டுமென்று எந்த விதியிலும் இல்லை. மாறாக, பணியிலிருக்கும் வீரருக்கு வாக்குரிமை உண்டேயன்றி, அரசியலில் பங்குகொள்ள இராணுவ விதிகள் இடம் தருவதில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின்னரே, எல்லாக் குடிமக்களையும் போல அவரும் தேர்தல் களத்திற்கு வரலாம்.

அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவில் ஓர் அழகிய செய்தி உண்டு. அரசு எவருக்கும் பட்டம் வழங்கலாகாது என்று கூறும் அப்பிரிவு, இரண்டு சிறப்புகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. ஒன்று படைத்துறைச் சிறப்பு. மற்றொன்று கல்வித்துறைச் சிறப்பு. மைத்துனர்கள் இருவரும் வேற்றுமையாகக் காண்பவற்றை நாட்டின் அடிப்படைச் சட்டம் ஒரே வரிசையில் வைத்து மதிக்கிறது. ஆயினும் அவ்விரண்டுமே பெருமைகள்தாம். பதவிக்கு உரிமைச் சீட்டுகள் அல்ல.

இக்கேள்விக்கு விடை தேட அத்தாய் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருத்தணி மண்ணே விடை கூறும். 1888 செப்டம்பர் 5-ஆம் நாள் அவ்வூரில் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். திருப்பதியில் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். பின்னர் மைசூரிலும் கல்கத்தாவிலும் ஆக்ஸ்போர்டிலும் தத்துவம் போதித்தார். துப்பாக்கி ஏந்தியவரல்லர். 1962 மே திங்களில் அவர் குடியரசுத் தலைவரானபோது, அரசியலமைப்பின் 53-ஆம் பிரிவின்படி முப்படைகளின் உச்சத் தலைமையும் அந்த ஆசிரியரிடமே வந்து சேர்ந்தது.

ஐந்தே மாதங்களில் சோதனை வந்தது. 1962 அக்டோபர் 20-ஆம் நாள் சீனப் படைகள் எல்லையைக் கடந்து தாக்கின; 26-ஆம் நாள் இராதாகிருஷ்ணன் நெருக்கடி நிலையை அறிவித்தார். சீனாவை எளிதில் நம்பியதற்காகவும் ஆயத்தமின்றி இருந்ததற்காகவும் தம் அரசையே அவர் வெளிப்படையாகக் குறைகூறத் தயங்கவில்லை. 1965-இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோதும் அவரே உச்சத் தலைவர். அவருக்கு முன்னும் பின்னும், 2022-இல் பதவியேற்ற திரௌபதி முர்மு அம்மையார் வரையில், குடியரசுத் தலைவர் 15 பேரில் ஒருவரும் படைப்பணியிலிருந்து வந்தவரல்லர்.

ஆயின் 1962-இல் நாம் கண்ட தோல்விக்குக் காரணம், படையறியாதவர்கள் பாதுகாப்புத் துறையை நடத்தியதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அப்போது பாதுகாப்பு அமைச்சராயிருந்த வி.கே. கிருஷ்ண மேனன் அறிவிற் சிறந்தவர். ஆனால் படைத்தலைவர்களோடு அவருக்கு ஒத்துப் போகவில்லை. 1959-லேயே தலைமைத் தளபதி திம்மையா பதவி விலகல் மடல் கொடுத்து, பிரதமர் நேரு வற்புறுத்தியதனால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு மனவேறுபாடு முற்றியிருந்தது. 1962 நவம்பரில் மேனன் விலகினார். அவருக்குப் பின் வந்த ஒய்.பி. சவானும் படைவீரரல்லர். 1965 போரின்போது அவரே அமைச்சர். ஆகவே சீருடை அணியாதது மேனனின் குறையன்று. அணிந்தவர்களின் சொல்லுக்கு உரிய செவி கொடுக்காததே குறையென்று நாம் கருதுகின்றோம்.

1971-ஆம் ஆண்டு இதன் மறுபக்கத்தைக் காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரலிலேயே கிழக்கு வங்காளத்துக்குள் படை நடத்தலாமா என்ற எண்ணம் எழுந்தபோது, மழைக்காலம் நெருங்குகிறது, ஆயத்தத்துக்குக் காலம் வேண்டும் என்று தாம் எடுத்துரைத்ததாகத் தளபதி மானெக்‌ஷா பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அதை ஏற்றார். டிசம்பர் 3-ஆம் நாள் தொடங்கிய போர் 16-ஆம் நாள் வெற்றியில் முடிந்தது. பிரதமரும் படைவீரரல்லர், பாதுகாப்பு அமைச்சர் ஜெகஜீவன்ராமும் படைவீரரல்லர். போர்க்கலை அறிந்தவர் உண்மையைச் சொன்னார். பொறுப்புடையவர் கேட்டு முடிவு செய்தார். நாடெங்கும் புகழ் சூழ்ந்திருந்தபோதும் மானெக்‌ஷா தேர்தலில் நிற்கவில்லை. நம் நீலகிரியில் ஓய்வாக வாழ்ந்து 2008-இல் மறைந்தார்.

படைவீரர் அரசியலுக்கே வரலாகாதா? அப்படியும் நாம் சொல்லவில்லை. இராணுவத்தின் பொறியியற் பிரிவில் மேஜர் ஜெனரலாயிருந்த புவன் சந்திர கந்தூரி, வாஜ்பாய் அமைச்சரவையில் நெடுஞ்சாலைத் துறையை ஏற்றபோது, நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைப் பணியைத் திறம்பட நடத்தியவரென்று பெயர் பெற்றார். பின்னர் உத்தராகண்ட முதலமைச்சரும் ஆனார். ஆனால் 2012 தேர்தலில், முதலமைச்சராயிருக்கும்போதே தம் தொகுதியில் தோல்வியுற்றார். இராணுவத்துக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக 1949-இல் பொறுப்பேற்ற கரியப்பா, 1971-இல் பம்பாயில் மக்களவைக்கு நின்று தோற்றார். மக்கள் அவரை மதிக்கவில்லை என்று இதற்குப் பொருளன்று. பின்னாளில் 1986-இல் அவருக்குப் பீல்டு மார்ஷல் என்னும் உயர் சிறப்பை நாடு வழங்கியது. நன்றியை ஒரு வகையிலும் வாக்கை வேறொரு வகையிலும் செலுத்த நம் மக்கள் அறிந்திருந்தனர்.

இந்த வேறுபாட்டை மறந்தால் நேரும் தீங்குக்கு அண்டை நாடொன்றே சான்று. முன்னாள் இராணுவ அதிகாரியும், போர் முடிந்த காலத்தில் பாதுகாப்புச் செயலாளராயிருந்தவருமான கோத்தபய ராஜபக்ச, நாட்டைக் காக்க வல்லவர் என்ற பெயரோடு 2019 நவம்பரில் இலங்கையின் அதிபரானார். 2021-இல் அவருடைய அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. விளைச்சல் வீழ்ந்தது. அந்நியச் செலாவணிப் பஞ்சம் முதலிய வேறு காரணங்களும் சேர, மக்கள் வீதிக்கு வந்தனர். 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். ஓர் ஆணையால் ஒரு படைப்பிரிவை நகர்த்தலாம். நெற்பயிர் ஆணைக்கு விளைவதில்லை. உழவரைக் கேட்டறிந்து, அதிகாரிகளோடு ஆய்ந்து, மறுப்போரையும் இணங்கச் செய்யும் பொறுமை ஆட்சிக்கு வேண்டும்.

அமெரிக்கரின் முதல் தலைவர் வாஷிங்டன் இதை அறிந்திருந்தார். விடுதலைப் போரில் வென்ற தளபதி, 1783 டிசம்பரில் தம் படைப்பொறுப்பை மக்கள் மன்றத்திடம் திரும்ப ஒப்படைத்துவிட்டு ஊர் சென்றார். 1789-இல் அவர் பதவியேற்றபோது தளபதியாக வரவில்லை; தேர்ந்தெடுக்கப்பட்ட குடிமகனாகவே வந்தார். வள்ளுவரும் இறைமாட்சியை 39-ஆம் அதிகாரத்திலும் படைமாட்சியை 77-ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார். இரண்டும் பொருட்பாலுக்குள் அடங்கியவை, எனினும் ஒன்றல்ல.

திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்த வரலாற்றையும் அத்தாய் நினைவுகூரலாம். சித்தூர் மாவட்டத்திலிருந்த அவ்வட்டாரம் 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அந்த எல்லையைப் படை நகர்த்தவில்லை. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த ம.பொ. சிவஞானம் போன்றோரின் கிளர்ச்சியும் சிறைவாசமும், பட்டாஸ்கரின் சமரசமும், 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் சேர்ந்து நகர்த்தின. எல்லையைக் காப்பவர் படைவீரர். எல்லை எதுவென்று பேசி முடிவு செய்வோர் குடிமக்கள்.

ஒரே குடும்பத்தில் இரண்டு பணியும் பகையின்றி நிற்கக் கூடும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த டாக்டர் ப. சுப்பராயனின் மக்களில், பி.பி. குமாரமங்கலம் 1966-இல் இராணுவத் தலைமைத் தளபதியானார். தம்பி மோகன் குமாரமங்கலம் மத்திய அமைச்சரானார். தங்கை பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்டுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அண்ணன் சீருடையில் நின்றார் என்பதற்காகத் தம்பியும் தங்கையும் சிறியவராகவில்லை.

இனி அந்தத் தாய்க்கு நாம் கூற விரும்புவன சில.

அம்மா, தங்கள் கணவருக்கு நாடு பட்டுள்ள கடன் உண்மையானது. அது ஓய்வூதியத்தாலும், மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவியாலும், டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளில் நாம் உண்டியலில் இடும் காசாலும், அவரைக் காணும்போது ஊரார் காட்டும் மரியாதையாலும் தீர்க்கப்பட வேண்டிய கடன். வாக்குச்சீட்டால் அதைத் தீர்க்க முற்பட்டால், நாளை குடிநீர் வராதபோது அவரைக் கேள்வி கேட்க ஊரார் கூசுவர். கேள்வி கேட்கக் கூசும் தலைவர் ஊருக்கு நன்மையாவதில்லை. அவருக்கும் அது நன்மையன்று.

தங்கள் அண்ணனைப் பற்றியும் இதையே கூறுவோம். மாணவர்களை அமரச் சொன்னால் அமர்வர். கிராம சபையில் வாக்காளர் அமர மாட்டார். குடியரசு நாளிலும் மே நாளிலும் விடுதலை நாளிலும் காந்தி பிறந்த நாளிலும் கூடும் அச்சபையில், வரவு செலவை வாசித்துவிட்டு, நேற்றுப் படிப்பு முடித்த இளைஞனின் கேள்விக்கும் மறுமொழி சொல்லியாக வேண்டும். பிரம்பும் அங்கே செல்லாது. பதக்கமும் அங்கே செல்லாது.

ஆகவே வாக்களிக்கும் முன் இருவரிடமும் ஒரே வகையான கேள்விகளைக் கேளுங்கள். மேல்நிலைத் தொட்டி நீர் கடைசித் தெருவுக்கு ஏன் ஏறவில்லை என்று அறிவாரா? கணக்கேட்டை யார் கேட்டாலும் காட்டுவாரா? தம் சாதியல்லாதவர் தெருவில் விளக்கு எரியவில்லையென்றால் அன்றே செல்வாரா? தவறு நேர்ந்தால் ஒப்புக்கொள்வாரா? தங்கள் கணவர் படையில் கற்ற ஒழுங்கும் நேரந் தவறாமையும் இவற்றுக்கு உதவுமாயின், அவை அவருக்கு நல்ல துணை. தங்கள் அண்ணன் பள்ளியில் கற்ற பொறுமை உதவுமாயின், அது அவருக்கு நல்ல துணை. இரண்டையும் செயலில் கண்டபின் எடை போடுங்கள்; துண்டறிக்கையில் கண்டு போடாதீர்கள்.

அந்தச் சீருடைப் படத்தைத் துண்டறிக்கையிலிருந்து எடுத்துவிடுமாறு கணவரிடம் அன்போடு சொல்லிப் பாருங்கள். படைவீரரின் படங்களைத் தேர்தல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று தேர்தல் ஆணையம் அரசியல் கட்சிகளுக்கு 2013-இல் அறிவுறுத்தி, 2019-இல் மீண்டும் நினைவூட்டியது. கட்சிகளுக்கே அது பொருத்தமெனில், கட்சிச் சின்னமில்லாத ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு இன்னும் பொருத்தம். அச்சீருடை அவருடையது மட்டுமன்று. அவரோடு நின்று திரும்பி வராத தோழர்களுடையதுமாகும். பேனாவையும் துப்பாக்கியையும் பற்றிய ஏளனத்தைத் தம் ஆதரவாளர்கள் நிறுத்தும்படி செய்யுமாறு அண்ணனிடமும் சொல்லுங்கள். அவர் பாடம் சொல்லித் தந்த மாணவர்களிலும் படைக்குச் சென்றோர் இருக்கக்கூடும்.

வாக்கு இரகசியமானது. யாருக்கு இட்டீர்கள் என்று இருவரில் எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடமும் சொல்ல வேண்டாம். முடிவு எதுவாயினும், தேர்தலுக்கு அடுத்த ஞாயிறன்று இரு குடும்பங்களும் ஒரே பக்கம் அமர்ந்தன என்று ஒரு வரி எழுதுங்கள். அதைக் காண ஆவலோடு காத்திருப்போம்.