கடைக்குப் போகும் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாதா?

இரவு எட்டு மணி. பையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். உடம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரே சூத்திரத்தை வாய் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்கிறாள்:

"என்னடா படிக்கிறே?"

"இலக்கணம்."

"அப்படின்னா என்ன?"

"நாளைக்கு ஒப்பிக்கணும். இல்லாட்டி நிக்க வெச்சிடுவாங்க!"

இலக்கணம் என்றால் என்ன என்று தாய் கேட்டாள். பிள்ளை சொன்ன பதில் இது. பல வீடுகளில் நடக்கிற காட்சிதான்.

தப்பு பையனுடையது அல்ல. அவனுக்குப் பாடம் அப்படித்தான் வந்தது. முதலில் விதி. பிறகு அதற்கு ஒரு விளக்கம். கடைசியில், மணி அடிப்பதற்கு முன் நேரம் இருந்தால், இரண்டு உதாரணம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இதற்கு 'விதிவிளக்கு முறை' என்று பெயர். இதற்கு நேர் எதிரானது 'விதிவரு முறை.' அதில் உதாரணங்கள் முன்னால் வரும். அவற்றைப் பார்த்துப் பிள்ளைகளே விதியைக் கண்டுபிடிப்பார்கள். பயிற்சிக் கல்லூரியில் இரண்டாவதைப் புகழ்ந்து பரீட்சை எழுதுகிறார்கள். வகுப்புக்குள் வந்ததும் முதலாவதைக் கையில் எடுக்கிறார்கள்!

வாய்க்குத் தெரிந்தது

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவள் பேச்சைக் கவனியுங்கள்.

"கீரை கடைந்து வைத்திருக்கிறேன்" என்கிறாள். இங்கே 'க்' இல்லை. "கீரைக்கடைக்குப் போய் வா" என்கிறாள். இங்கே 'க்' வந்துவிட்டது. ஒரு நாளும் அவள் மாற்றிச் சொன்னதில்லை. முன்னதில், 'கீரையை' என்பதில் உள்ள 'ஐ' மறைந்திருக்கிறது. அதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பார்கள். அங்கே வல்லின எழுத்து மிகாது. பின்னது, கீரையை விற்கும் கடை. அங்கே மிகும். பெயர் தெரியாமலே விதி அவள் நாக்கில் இருக்கிறது. பையன் நாக்கிலும் இருக்கிறது.

இன்னொன்று. முதலாளியிடம் போனால் "வேலை கொடு" என்று கேட்கலாம். முருகனிடம் போய் "வேலைக் கொடு" என்றால், அவர் கையில் இருக்கும் வேலாயுதத்தையே கேட்டதாகிவிடும். ஒரு 'க்' செய்கிற வேலை அது!

வீட்டில் இவ்வளவு சரக்கு இருக்கிறது. அதைத் தொடாமல், ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல விதியிலிருந்து தொடங்குவானேன்?

கரும்பலகையில் ஆறு வரி

ஆசிரியர் இப்படிச் செய்து பார்க்கலாம். பலகையில் மூன்று வரி எழுதட்டும்: வீட்டைக் கட்டினான், பாட்டைப் பாடினாள், புத்தகத்தைத் தேடினான். பக்கத்தில் வேறு மூன்று: வீட்டை விற்றான், பாட்டை மறந்தாள், புத்தகத்தை அடுக்கினான்.

"எங்கே எழுத்து கூடியது? எங்கே கூடவில்லை? ஏன்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்கட்டும். பிள்ளைகள் முதலில் தப்பாகச் சொல்வார்கள். சொல்லட்டும். "சோற்றைச் சமைத்தாள்" என்று ஒரு பெண் புது உதாரணம் கொண்டு வருவாள். க, ச, த, ப என்று நான்கு எழுத்துகளும் மெல்ல மெல்லப் பிள்ளைகள் வாயாலேயே வெளியே வரும். இரண்டாம் வேற்றுமை, வல்லினம் என்ற பெயர்களை அப்போது சொன்னால் போதும். சூத்திரத்தையும் அப்போதே சொல்லலாம். கண்டுபிடித்தவனுக்கு அது சுமையாக இராது.

"இதற்கெல்லாம் நேரம் ஏது? பாடத்தை முடிக்க வேண்டாமா?" என்று ஆசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விதியைச் சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் அதே விதியை அடுத்த வருஷமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கடுத்த வருஷமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

விதியை முதலில் சொல்வதே கூடாது என்று சொல்லிவிட முடியாது. உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்', மற்ற எழுத்துக்கு முன்னால் 'ஒரு'. பேச்சில் யாரும் இதைப் பார்ப்பதில்லை. "ஒரு ஊர்லே ஒரு ராஜா" என்றுதான் பாட்டி கதை சொல்கிறாள். காதில் இல்லாததைப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பான்? அங்கே விதியைச் சொல்லிவிடுவதே நல்லது. வேறு மொழிக்காரர் ஒருவர் பெரிய வயதில் தமிழ் கற்க வந்தால் அவருக்கும் அப்படித்தான்.

பவணந்தி மேல் பழி வேண்டாம்

நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பாயிரத்தையும் சேர்த்து அதில் 462 சூத்திரங்கள். ஆளுக்கு ஒரு புத்தகம் கிடைக்காத ஓலைச்சுவடிக் காலம் அது. சுருக்கமாகச் செய்தால்தான் மனத்தில் நிற்கும். ஆனால் சூத்திரம் மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. உரை எப்படி இருக்க வேண்டும் என்று நன்னூலே சொல்கிறது. பொருள் வேண்டும், உதாரணம் வேண்டும், கேள்வியும் பதிலும் வேண்டும். நாம் சூத்திரத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்!

யாழ்ப்பாணம் நல்லூரில் 1822-ல் பிறந்த ஆறுமுக நாவலர், பள்ளிப் பிள்ளைகளுக்காக இலக்கணத்தை எளிய வசனத்தில் எழுதினார். 'இலக்கணச் சுருக்கம்', 'இலக்கண வினாவிடை' என்பன அந்த நூல்கள். நன்னூலுக்கு உரை கண்ட பெரும் புலவரே பிள்ளைகளுக்காக இறங்கி வந்தார்.

நஷ்டம் யாருக்கு?

படித்த தகப்பனார் உள்ள வீட்டில், வகுப்பில் புரியாதது இரவில் புரிந்துவிடும். அந்த வசதி இல்லாத பிள்ளை என்ன செய்வான்? ஒப்பிப்பான். மறப்பான். நிற்பான். "தமிழ் எனக்கு வராது" என்று ஒரு நாள் சொல்லிவிடுவான். அதையும் தப்பில்லாத தமிழில்தான் சொல்வான்!

ஒப்பித்து மார்க்கு வாங்கியவன் மட்டும் கரை சேர்ந்தானா? அவன் எழுதும் விண்ணப்பத்தைப் பாருங்கள். 'பள்ளிக்கு செல்ல', 'வேலைக்கு போக' என்று ஒற்றெழுத்து பறந்து போயிருக்கும். விதி தெரியும், எழுத வரவில்லை.

பரீட்சைத் தாளில் 'இலக்கணக் குறிப்பு எழுது', 'புணர்ச்சி விதி தருக' என்று கேட்கும்வரை வகுப்பும் அப்படியேதான் நடக்கும். அதற்குப் பதில், பிழை மலிந்த ஒரு விண்ணப்பத்தை அச்சடித்துக் கொடுத்து, "திருத்து, ஏன் திருத்தினாய் என்று எழுது" என்று கேட்கட்டும். சூத்திரத்தை எழுதினால் மார்க்கு இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடட்டும்.