சாலையோரத்தில் ஓர் இருக்கை

திருப்பதி இரயில் நிலையத்திலிருந்து ஒருவர் அலிபிரி வரை நடந்து செல்வதாகக் கொள்ளலாம். நிலைய வளாகம் இரயில்வே துறைக்கு உரியது. அதைத் தாண்டியதும் வரும் நகரத் தெருக்கள் பெரும்பாலும் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளன. பேருந்து நிலையம் மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தது. மலையடிவாரம் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிருவாகத்தில் இருக்கிறது. நடப்பவரின் கால்களுக்கு இந்த எல்லைகள் தெரிவதில்லை. சற்று அமர இடம் கிடைக்குமா என்பதே அவற்றின் கவலை. ஆனால், அவ்வழியில் ஓர் இருக்கை அமைக்க விரும்புவோர் விடை காண வேண்டிய முதற்கேள்வி, "இந்த இடம் யாருடையது?" என்பதே ஆகும்.

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் பாதையில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. அப்படிகளுக்கு இடையே இளைப்பாறுவதற்கு மண்டபங்கள் உண்டு. மலையேறுபவர் களைப்படைவார் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். ஊருக்குள் நடப்பவரும் களைப்படைவார் என்பது ஏனோ பல நகரங்களின் நினைவில் நிற்பதில்லை. மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் முதியவர் பேருந்துக்காகக் காத்திருக்கையில் கடைப்படியை நாடுகிறார். கடைக்காரர் எழுந்திருக்கச் சொன்னால் அவர் எழுந்துதான் ஆக வேண்டும். அங்கே அமர்வது அவருக்குக் கிடைத்த சலுகையே அன்றி, அவருடைய உரிமை அன்று.

தமிழகத்துச் சாலையோரங்களில் முற்காலத்தில் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. இரண்டு கற்களை நிமிர்த்தி நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையுடன் வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும், பின்னர்த் தாமே ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் அதை நட்டு வைப்பது வழக்கம். ஒரு வீட்டின் துயரம் ஊருக்கு இளைப்பாறுதலாக மாறியது. இன்றும் தாய் தந்தையரின் நினைவாகச் சிமெண்டு இருக்கை ஒன்றைப் பொது இடத்தில் அமைக்கப் பலர் விரும்புகின்றனர். அவ்விருப்பம் போற்றத்தக்கது.

"நன்மை செய்வதற்கு அனுமதி எதற்கு? இரவோடு இரவாக இருக்கையைப் போட்டுவிட்டால் யார் எடுக்கப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வி நியாயமானது போலத் தோன்றினும் அதில் ஒரு பிழை இருக்கிறது. நடைபாதையில் நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருத்தல் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஒடுங்கிய நடைபாதையின் நடுவே போடப்பட்ட இருக்கை, சக்கர நாற்காலியில் வருபவரைச் சாலையில் இறக்கிவிடும். கைத்தடியால் தடவி நடக்கும் பார்வையற்றவருக்கு அது இடறுகல்லாகும். ஒருவருக்கு ஓய்வு தரும் பொருள் மற்றொருவரை வண்டிகளுக்கு நடுவே தள்ளலாகாது. நகராட்சிப் பொறியாளர் அளவுகோலுடன் வந்து பார்ப்பது வீண் சடங்கு அன்று.

அனுமதி இல்லாத கட்டுமானத்தால் வரும் சிக்கலுக்குத் திருவனந்தபுரத்தில் நடந்த நிகழ்ச்சி சான்றாகும். அங்குள்ள பொறியியல் கல்லூரியின் அருகே இருந்த பேருந்து நிழற்குடையில் ஒரு நீண்ட இருக்கை இருந்தது. 2022 ஜூலையில் அது மூன்று தனி இருக்கைகளாக வெட்டிப் பிரிக்கப்பட்டது. மாணவரும் மாணவியரும் அருகருகே அமர்வதைத் தடுக்கவே அவ்வாறு செய்யப்பட்டது என்று கூறி, மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நகர மேயர் ஆர்யா இராஜேந்திரன் நேரில் வந்து பார்த்தார். அந்நிழற்குடை உரிய அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்றும், அனைவரும் அமரத்தக்க புதிய நிழற்குடையை மாநகராட்சி அமைக்கும் என்றும் அவர் அறிவித்தார். செப்டம்பரில் பழைய நிழற்குடை அகற்றப்பட்டது. அனுமதி பெறாமல் ஒன்றை நிறுவியவர், அதில் யார் எப்படி அமர வேண்டும் என்பதையும் தாமே முடிவு செய்யலாம் என எண்ணக்கூடும். மாநகராட்சியின் அனுமதியுடன் அமைந்த இருக்கையோ அந்த நாள் முதல் எல்லாருக்கும் உரியதாகிவிடும்.

பெயர்ப்பலகை பற்றியும் ஒரு சொல். பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலைகளையோ பிற கட்டுமானங்களையோ அமைக்க மாநில அரசுகள் அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று ஆணையிட்டது. தெருவிளக்கு முதலிய பொதுப்பயன் வசதிகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே, இருக்கை கேட்பவர் இருக்கையை மட்டும் கேட்பதே நன்று. 'உபயம்' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தால் குறையில்லை. சாய்மானம் முழுவதையும் தலைவர்களின் படங்கள் நிறைத்துவிட்டால், முதுகு சாய்க்கவே இடம் இருக்காது!

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கிய ஊர். அங்கும் திருப்பதியிலும் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இன்றும் பல. இக்குடும்பங்களின் மூத்தோர் சிலர், தெலுங்கில் எழுதத் தெரியாது என்ற தயக்கத்தால் விண்ணப்பமே அளிப்பதில்லை. பள்ளியில் தெலுங்கு கற்கும் பேரப்பிள்ளைகள் அத்தயக்கத்தை ஒரு மாலைப்பொழுதில் போக்கிவிடலாம். விண்ணப்பம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. மாநகராட்சி ஆணையருக்கு முகவரியிட்டு, இடத்தின் அடையாளம், நடைபாதையின் அகலம், இருக்கையின் நீளம், செலவை ஏற்பவர் யார், பிற்காலத்தில் பழுது பார்ப்பவர் யார் என்பவற்றைக் குறித்தால் போதும். இடத்தின் ஒளிப்படம் ஒன்றையும், அத்தெருவினரின் கையொப்பங்களையும் இணைப்பது நலம். 2019 அக்டோபர் முதல் ஆந்திரத்தில் இயங்கிவரும் வார்டு செயலகங்களில் அடிப்படை வசதிகளைக் கவனிப்பதற்கெனவே ஒரு செயலர் இருக்கிறார். முதலில் அவரிடம் கேட்பது அலைச்சலைக் குறைக்கும். விண்ணப்பத்தை அளித்தவுடன் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

கடமை குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. ஓர் இருக்கைக்கான தாள் மேசை மேசையாகப் பல மாதங்கள் பயணம் செய்யுமானால், அடுத்த முறை அத்தெருவினர் விண்ணப்பம் எழுத மாட்டார்கள். சிமெண்டு மூட்டையைத்தான் தேடுவார்கள். சிறிய வேண்டுகோளுக்கு விரைந்து விடை தருவது மாநகராட்சிக்கு அரிய செயல் அன்று. மறுப்பதாயினும் அதன் காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும். மின்கம்பம் தடையா, வடிகால் தடையா என்பது தெரிந்தால், பத்தடி தள்ளி வேறோர் இடத்தைக் கேட்கலாம்.