மடக்குக் கத்தி மரைக்கு எந்தப் பசை?



கொஞ்சம் ஏடாகூடமா பேசுறவனை "மரை கழண்டவன்"னு சொல்லுவோம். இன்னிக்கு நிஜமான மரையைப் பத்திப் பேசலாம். நம்ம பாக்கெட்ல கிடக்குற மடக்குக் கத்தியோட மரை.

விவசாயிக்குக் கத்தி அலங்காரப் பொருள் இல்லை. உர மூட்டைத் தையல் பிரிக்க, சணல் அறுக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட, மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்ட, எல்லாத்துக்கும் அதுதான். முன்னெல்லாம் எங்க வையம்பட்டிப் பக்கம் ஆசாரி அடிச்சுக் கொடுத்த கத்தியில ஸ்க்ரூவே இருக்காது. அலகையும் பிடியையும் ரிவிட்டு அடிச்சுச் சேர்த்திருப்பாங்க. ஆட்டம் கண்டா சுத்தியலால ரெண்டு தட்டு, அவ்வளவுதான்.

இப்ப வர்ற கத்தி அப்படி இல்லை. சென்னையில, பெங்களூருல வேலை பாக்குற பிள்ளைங்க ஆன்லைன்ல வாங்கி ஊருக்குக் கொண்டாறாங்க. நட்சத்திரத் தலை வச்ச பொடி ஸ்க்ரூ அஞ்சாறு இருக்கும். திறந்து மூடத் திறந்து மூட அது தளரும். வரப்புல ஒண்ணு விழுந்தா தேடிக் கிடைக்காது. அலகு ஆடுற கத்தியால ஒட்டுக் கட்டினா வெட்டு நேரா விழாது, ஒட்டும் பிடிக்காது. கை நழுவினா விரல்தான் போகும்.

அதனால ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்க ஏதாவது போடணும். இதுல நம்மாளுங்க நினைப்பு, "எவ்வளவு ஸ்ட்ராங்கோ அவ்வளவு நல்லது". அது தப்புங்கிறது என் கருத்து. கத்திக்கு வேண்டியது தானா கழலாத, ஆனா நாம நினைச்சாக் கழட்டக்கூடிய பிடிப்பு.

மெக்கானிக் கடையில "லாக்டைட்"னு கேட்டா கொடுக்குறாங்களே, அதுக்குப் பொதுப் பேரு த்ரெட் லாக்கர். 1953-ல அமெரிக்காவுல வெர்னான் க்ரீபிள்னு ஒரு வேதியியல் பேராசிரியர் கொண்டுவந்தது. இதோட குணமே விசித்திரம். காத்து படுற வரைக்கும் தண்ணியாவே இருக்கும். மரைக்குள்ள காத்து இல்லாத இடுக்குல, உலோகத்தைத் தொட்டதும் கெட்டியாகும். பாட்டில்ல பாதி காலியா இருக்கேன்னு கடைக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க. உள்ள காத்து இருந்தாத்தான் அது கெடாம இருக்கும்.

இதுல பல ரகம் உண்டு. லாக்டைட் கணக்குல 222 ஊதா நிறம், பிடிப்பு கம்மி, பொடி ஸ்க்ரூவுக்குன்னே செஞ்சது. 242, 243 நீலம், நடுத்தரம். 271 சிவப்பு, ஒரு தடவை போட்டா போட்டதுதான். பாட்டில் நிறத்தை நம்பாதீங்க, நீலத் திரவமே சிவப்பு பாட்டில்ல வருது. எண்ணைப் படிச்சுப் பாத்து வாங்குங்க.

கத்திக்கு 222 போதும். கிடைக்கலைன்னா நீலம், அதுவும் குண்டூசி முனையில எடுத்த அளவு. சிவப்பு வேண்டவே வேண்டாம். ஏன்னா அதைக் கழட்டணும்னா சுமார் 250 டிகிரி சூடு காட்டணும். கத்தி இரும்பைக் காய்ச்சித் தோய்ச்சு, பிறகு மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துறது பெரும்பாலும் அதுக்குக் குறைஞ்ச சூட்டுல. அந்தச் சூடு அலகுக்கு ஏறினா பதம் போயிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது. பிளாஸ்டிக் பிடியா இருந்தா அதுவும் உருகும். சூடு காட்டாம முறுக்கினாலோ பொடி ஸ்க்ரூவோட தலை வழிச்சுக்கும். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தனோட கத்திக்கு ஒரு பட்டறையில சிவப்பைப் போட்டு, பிறகு கழட்டக் கேஸ் அடுப்புல காட்டினாங்க. இன்னிக்கு அந்தக் கத்தி கீரைக்கட்டு நாரைக்கூட அறுக்க மாட்டேங்குது.

ஃபெவிக்விக் ஊத்துறதும் சரி வராது. அது காத்துல இருக்குற ஈரத்துல நொடியில இறுகும், அலகோட அச்சுக்குள்ள வழிஞ்சா கத்தி திறக்காது.

போடுற முறை சுலபம். ஸ்க்ரூவைக் கழட்டி எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைங்க. மரை நுனியில மட்டும் பொட்டு வைங்க. அலகு ஆடாம, அதே சமயம் லேசா மடங்குற அளவுக்கு முறுக்கி, ஒரு நாள் முழுசா விட்டுடுங்க. எவர்சில்வர் ஸ்க்ரூவுல இறுக இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அச்சுக்கு எண்ணெய் விடுறது அதுக்கு அப்புறம்தான்.

கத்தியே இல்லாத நகரத்து நண்பர்களுக்கும் இது உதவும். உலோக ஃப்ரேம் மூக்குக் கண்ணாடிக்கு ஊதா சரி. பிளாஸ்டிக் ஃப்ரேமுக்கு வேண்டாம், சில பிளாஸ்டிக் இதுல வெடிச்சுக்கும். அங்கே ஒரு சொட்டு நகப்பூச்சு போதும்.

இதெல்லாம் ஒரு ஸ்க்ரூவுக்காகவான்னு கேக்கலாம். பழுது பாக்க முடியுற பொருள்தான் நம்ம பொருள். திறக்க முடியாம ஒட்டிவச்ச போனு, பிரிக்க முடியாத மிக்ஸின்னு ஏற்கெனவே வீடு நெறைஞ்சு கிடக்கு. கத்தியையாவது நம்ம கையால கழட்டி, துடைச்சு, தீட்டி, மறுபடி பூட்டுற மாதிரி வச்சுக்குவோம். ஆசாரி கத்தி பல வருஷம் உழைச்சதுக்குக் காரணம் இரும்பு மட்டும் இல்லை, ஆடினா சரிபண்ண வழி இருந்ததும்தான்.