பேஸ்மட்டமும் பேஸ்மென்ட்டும்

போன வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி, கனடாவிலிருந்து தம்பி போன் பண்ணினான். ஸ்கார்பரோவில் வீடு வாங்கி அப்போது மூணு வருஷம்.

"அம்மா, பேஸ்மென்ட் முடிச்சாச்சும்மா!"

அம்மா முகம் வாடிவிட்டது. எங்கள் வேங்கிக்காலில் பேஸ்மட்டம் என்றால் வேறு சமாசாரம். அஸ்திவாரத்துக்கு மேலே கல்லு வைத்துக் கட்டி, உள்ளே மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போடுவார்களே, அந்த மேடை. அது முடிந்திருக்கிறது என்றால் சுவரே இன்னும் எழும்பவில்லை என்று அர்த்தம்.

"ஏண்டா, குடி போயி மூணு வருஷமாச்சு. இத்தனை நாளா எதும்மேலடா குடியிருந்தீங்க?"

தம்பி வீடியோவில் காட்டினான். தரைக்குக் கீழே ஒரு ஹால், ஒரு ரூம், குளியலறை. பளபளவென்று டைல்ஸ். "மார்கழிக்கு நீ இங்க வர்றே. இது உன் ரூம்!"

"பாதாள லிங்கம் மாதிரி இருக்குடா" என்றாள் அம்மா.

தப்பில்லை. நம்ம அண்ணாமலையார் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருக்கிற பாதாள லிங்கமும் பேஸ்மென்ட்தான். 1896 செப்டம்பரில் மதுரையிலிருந்து வந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயசுப் பையன் அங்கேதான் போய் உட்கார்ந்தான். பின்னாளில் ரமண மகரிஷி. பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின என்று சரித்திரத்தில் இருக்கிறது. குளிரில் நடுங்கியதாகக் காணோம்.

காரணம் இருக்கிறது சார். ஆழத்தில் இருக்கிற மண்ணின் சூடு, அந்த ஊரின் வருஷ சராசரி வெயிலை ஒட்டியே நிற்கும். திருவண்ணாமலையில் அது 28 டிகிரி பக்கம். டொரான்டோவில் சுமார் 10. மேலாக 4 அடி மண் குளிர்காலத்தில் உறைந்தே போகலாம் என்று கணக்கு வைத்துத்தான் அங்கே அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். ஆக, தம்பி கட்டியது ஒரு ஐஸ்பெட்டிக்குள் ரூம்.

எங்கள் தெரு மேஸ்திரியிடம் பெருமையாக வீடியோவைக் காட்டினேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தரையில வெறுங்கால வச்சுப் பாத்தாரா சார் தம்பி?"

"அங்கே எல்லாரும் சாக்ஸ் போட்டிருப்பாங்க மேஸ்திரி."

"அப்ப யாரும் பாக்கல" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா போனாள். தினமும் போன். "குளிருதாம்மா?" "சேச்சே, ஜம்முனு இருக்கு." குரங்குக் குல்லாய், ரெண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை. ஜம்மென்று இருக்கிறவள் எதற்கு இத்தனை போர்த்திக்கொள்கிறாள் என்று எனக்கும் தோன்றவில்லை. ஆபீஸ் போகிற அவசரம்.

ஜனவரியில் ஒருநாள் அங்கே மைனஸ் 15. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கொட்டாங்குச்சியைக் கொளுத்தித் தணலாக்கி, ஊரிலிருந்து கொண்டுபோன தூபக்காலில் நிரப்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, சாம்பிராணியும் தூவி, கதவைச் சாத்தி, சூடு வெளியே போகாமலிருக்கக் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அலாரம் வீல் என்று அலறியது. தம்பி நாலு படியாகத் தாண்டிக் கீழே ஓடினான். அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "லேசா கிறுகிறுங்குதுடா. சாம்பிராணி தூக்கலாயிடுச்சு போல."

சாம்பிராணி இல்லை சார். கரித்தணல் கக்குகிற கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரவேண்டிய நாற்காலியில் இது உட்கார்ந்துகொள்ளும். கொடைக்கானல், ஊட்டி ரூமில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திருக்காதவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஒன்டாரியோவில், எரிபொருளில் ஓடும் ஹீட்டர் உள்ள வீட்டில் படுக்கையறைப் பக்கம் இந்த அலாரம் வைத்தே ஆகவேண்டும் என்று 2014-லிருந்து சட்டம். அந்தச் சட்டம் போட்டவர்களை நான் எந்தக் கோயிலில் வைத்துக் கும்பிடுவது?

டாக்டரிடம் காட்டி, ஒன்றுமில்லை என்றான பிறகு தம்பி கேட்டான். "குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"ஆசை ஆசையாக் கட்டி எனக்குன்னு குடுத்திருக்கே. எப்படிடா சொல்றது?"

அன்றைக்கு ராத்திரி அம்மாவை மாடிக்கு அனுப்பிவிட்டு, தம்பி கீழே படுத்தான். சாக்ஸைக் கழற்றித் தரையில் காலை வைத்தானாம். சுரீர் என்றதாம்.

மறுநாள் ஆள் வந்து பார்த்து விஷயத்தைப் புட்டுப்புட்டு வைத்துவிட்டார். சூட்டைக் கூட்டும் தெர்மோஸ்டாட் மாடி ஹாலில் இருக்கிறது. ஹால் 22 டிகிரி ஆனதும் அது ஹீட்டரை நிறுத்திவிடும். பாதாளத்தின் கதி அதற்கு எப்படித் தெரியும்? வருகிற கொஞ்ச வெப்பக் காற்றும் கீழே கூரை வழியாக வந்து, கூரையிலேயே தங்கிவிடுகிறது. தரையோரம் குளிர்ந்த காற்றை இழுத்துக்கொள்ள வழியே இல்லை. கான்கிரீட் சுவர் மேலே மரச்சட்டம் உட்காருகிற இடத்தில், வீட்டைச் சுற்றிலும் இடுக்கு. டைல்ஸோ நேரே கான்கிரீட் மேலே.

முதலில் ஓதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்குமாம். அப்புறம் இடுக்கில் ஃபோம் அடித்து, தரையோரம் காற்று திரும்ப வழி வைத்து, டைல்ஸுக்கு மேலே பலகை போட்டுக் கார்ப்பெட். பெரிய ஹீட்டர் எதுவும் வாங்கவில்லை. இருக்கிற சூடு ஓடிப்போகாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மேஸ்திரியிடம் சொன்னேன். "ஓதம் பாக்காம பூசக்கூடாதுன்னு அந்த ஊர்லயும் தெரிஞ்சிருக்கே" என்றார் திருப்தியாக.

அம்மா, அப்பா, மாமனார், மாமியாருக்கென்று புதுசாக ரூம் கட்டுகிற மகராசன்களே! அது பனியில் பாதாளமோ, சித்திரை வெயிலில் மொட்டைமாடி ஆஸ்பெஸ்டாஸோ, "சௌகரியமா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஜம்முனு இருக்கு" என்றுதான் பதில் வரும். ஒரு ராத்திரி நீங்கள் படுத்துப் பாருங்கள். வெறுங்காலோடு.

அம்மா பங்குனியில் திரும்பி வந்துவிட்டாள். தூபக்காலைத் தம்பி பிடுங்கி வைத்துக்கொண்டுவிட்டான் என்று இன்னும் கோபம்.