பெருநாள் ஆடையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சென்ற நோன்புப் பெருநாளன்று, மூலனூரில் நம்மிடம் ஓதும் சிறுமி ஒருத்தி, இரண்டு பழைய டி-சர்ட்டுகளை இணைத்துத் தைத்த நீண்ட அங்கியை அணிந்து வந்தாள். மேற்பகுதி கருநீலம், இடுப்புக்குக் கீழே சாம்பல் நிறம், கை ஓரங்களிலும் சாம்பல் நிறப் பட்டி. தைத்தவர் அவளுடைய தாயார். விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்குச் சென்று, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்து இரவில் திரும்புபவர். அதுவரை தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து பழக்கமில்லாதவர். வாழ்த்துச் சொல்ல வந்த இடத்தில் ஒரு சகோதரி அந்த ஆடையைத் தொட்டுப் பார்த்து, "என்னம்மா இது, பனியன் வேஸ்ட்டா?" என்று கேட்டுச் சிரித்தார். அருகில் இருந்தவர்களும் சிரித்தனர். பிள்ளை அன்று பிரியாணியைத் தொடவில்லை.

சிரித்தவர்களிடம் பேசுவதற்கு முன் நம் பங்கைச் சொல்லிவிட வேண்டும். அந்த அங்கிக்கு விதை போட்டது நாம்தான். ஞாயிறுதோறும் ஓதல் முடிந்த பிறகு, பழைய டி-சர்ட்டுகளை வெட்டிப் புதிதாகத் தைக்கப் பிள்ளைகளோடும் சில தாய்மார்களோடும் நாமும் கற்று வந்தோம். முதல் மூன்று டி-சர்ட்டுகள் கரித்துணியாகத்தான் முடிந்தன. நெய்த துணி வேறு, பின்னிய துணி வேறு என்பதே நமக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்னல் துணியை வெட்டியவுடன் ஓரம் சுருண்டுகொள்கிறது. கூர்முனை ஊசி இழையை அறுத்து ஓட்டை போடுகிறது. நேர்த்தையல் போட்டால், தலையை நுழைத்த கணத்தில் நூல் பட்டென்று தெறிக்கிறது. முனை மழுங்கிய ஊசி வேண்டும், வளைந்து வளைந்து செல்லும் ஜிக்ஜாக் தையல் வேண்டும், தைக்கும்போது துணியை இழுக்கக் கூடாது என்பதையெல்லாம் பவர் டேபிளில் வேலை செய்யும் ஒரு சகோதரி வந்து சொல்லிக் கொடுத்தார். டி-சர்ட்டின் பழைய கீழ் மடிப்பை வெட்டாமல் அதையே புதிய ஆடையின் ஓரமாக்கினால் பாதி வேலை மிச்சம் என்பதும் அவர் சொன்னதே. இத்தனை ஆண்டுகள் கிதாபு விரித்துப் பாடம் சொன்ன நாம், அவர் முன் மாணவராக அமர்ந்தோம். அதில் நமக்கு வெட்கம் இல்லை.

"மதரஸாவில் ஃபேஷனுக்கு என்ன வேலை?" என்று சில பெரியவர்கள் கேட்டனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் தொங்கவிட்ட உருவப்படத் திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தபோது அந்தத் துணி என்ன ஆயிற்று என்பதை அவர்கள் ஒருமுறை நினைவுகூரட்டும். அது குப்பைக்குப் போகவில்லை. அன்னையார் அதை வெட்டித் தலையணைகளாக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற இச்செய்தியை உருவப்படச் சட்டத்திற்காக மட்டுமே நாம் ஓதிக் கொடுக்கிறோம். கத்தரித்த அந்தக் கைகளைப் பற்றி ஏனோ பேசுவதில்லை. நபியவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதும், உமர் (ரலி) அவர்கள் ஆட்சித் தலைவராக இருந்தபோதே ஒட்டுப் போட்ட ஆடை அணிந்தார்கள் என்பதும் ஜும்ஆ பயானில் நம்மை உருக வைக்கின்றன. அதே ஒட்டு ஓர் ஏழைத் தொழிலாளியின் மகள் மேல் இருந்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது!

நல்ல ஆடை அணிய விரும்புவது பெருமையாகுமா என்று ஒரு தோழர் கேட்டபோது, அழகை விரும்புவது பெருமை அல்ல என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். உண்மையை மறுப்பதையும் மனிதர்களை இழிவாக எண்ணுவதையும்தான் பெருமை என்றார்கள். அப்படியானால் அன்றைய பெருநாள் கூட்டத்தில் பெருமை எந்தப் பக்கம் நின்றது? கருநீல அங்கியின் பக்கமா, அதைத் தொட்டுப் பார்த்த விரல்களின் பக்கமா?

சிரித்தவர்கள் பழைய ஆடைகளை என்ன செய்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ரமளான் கடைசிப் பத்தில் மூட்டை கட்டி மதரஸா வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவிழ்த்தால் அக்குள் கிழிந்தவை, கறை படிந்தவை, துவைக்கவும் படாதவை. இதற்கு ஸதகா என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டால் அன்றி நாமே வாங்கத் தயங்கும் மட்டமான பொருளைத் தர்மத்திற்கென ஒதுக்காதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் எச்சரிக்கிறது. துவைத்து, நல்ல பகுதியை வெட்டியெடுத்து, ஒரு பிள்ளை விரும்பி அணியும் ஆடையாக்கிக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். வீட்டைக் காலி செய்வதற்கு மதரஸா வாசல் வேண்டாம்.

இந்த ஊர்க்காரர்களுக்குத் துணியின் விலை தெரியாது என்று சொல்லவும் முடியாது. நம் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி மூட்டைகள் ஏலத்திற்கு வந்து குவிவதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குச் செடி முதல் சாயம் வரை சுமார் 2,700 லிட்டர் நீர் தேவை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தச் சாயம் நொய்யலை என்ன செய்தது என்பதற்கு ஒரத்துப்பாளையம் அணையே சாட்சி. பாசனத்திற்காகக் கட்டிய அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று, விவசாயிகள் தங்கள் அணைத் தண்ணீரையே வேண்டாம் என்றனர். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது வேலையின்றி வீட்டில் இருந்த குடும்பங்கள் நம் ஜமாஅத்திலும் உண்டு. ஒளூச் செய்யும் நீரிலும் விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் நாம், நான்கு முறை அணிந்த டி-சர்ட்டை எந்த மனத்தோடு வீசுகிறோம்?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பழையதைப் புதிதாக்குகிறோம் என்ற பெயரில் லேஸ், மணி, கல் என்று முந்நூறு ரூபாய்க்கு வாங்கி வந்த தாய்மாரும் நம்மிடம் இருந்தனர். அது வேறு வடிவ விரயம், அதையும் தடுத்தோம். பனியன் துணி உடலோடு ஒட்டும். ஆகையால் பெரிய அளவு ஆண்கள் டி-சர்ட்டுகளையே பிள்ளைகளின் அங்கிக்கு எடுக்கிறோம். சிறியவை ஹிஜாபுக்கு உள்ளே அணியும் தொப்பியாகின்றன. அதற்கு இந்தத் துணியை விடப் பொருத்தமானது கடையிலும் கிடைப்பதில்லை.

அந்தச் சிறுமி பெருநாளுக்குப் பிறகு இரண்டு வாரம் அங்கியை அணியவில்லை. தாயாரும் தையல் பக்கம் வரவில்லை. நாம் வீடு தேடிச் சென்று பேசிய பிறகே திரும்பினார். இப்போது தம் மகனுக்கு ஒரு ஜிப்பா வெட்டிக்கொண்டிருக்கிறார், கழுத்துப் பட்டி மட்டும் இன்னும் சரியாக உட்காரவில்லை. அன்று சிரித்த சகோதரிக்கும் அழைப்பு அனுப்பியுள்ளோம். ஞாயிறு அஸருக்குப் பிறகு வரலாம். துவைத்த டி-சர்ட் இரண்டு போதும், கத்தரி நம்மிடம் இருக்கிறது. உருவப்படம் போட்டதாக இருந்தாலும் கொண்டு வரட்டும், தலையணை உறை தைத்துக்கொள்ளலாம்.